தலையணைக்குள் பழகிய குரல்

கேள்வி: எனக்கு 24 வயது. சென்னையில் ஐ.டி. வேலை. நண்பர்களோடு சேர்ந்து ஒரு ராக் பேண்டில் பாடுகிறேன், கிதாரும் வாசிக்கிறேன். ஷோவில் முதல் மூன்று பாட்டு நன்றாகப் போகும். நாலாவது பாட்டிலிருந்து மேல் ஸ்தாயி எட்டுவதில்லை, குரல் கம்மிவிடுகிறது. அப்புறம் இரண்டு நாள் கரகரப்பு. இத்தனைக்கும் தினமும் ஒரு மணி நேரம் பயிற்சி செய்கிறேன் (அப்பாவுக்குத் தெரியாது. அதனால் ராத்திரி 11 மணிக்கு மேல் கட்டிலில் உட்கார்ந்து, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் பாடுவேன். அம்மாவுக்குத் தெரியும், அவர் சமாளித்துக்கொள்வார்). குரலில் பவர் ஏற என்ன பயிற்சி செய்யலாம்? இப்போது இருப்பது ஷூர் எஸ்.எம்.58 மைக். அதை மாற்றலாமா? அடுத்த மாதம் ஒரு ஷோ இருக்கிறது. மேடையில் எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், ஆவடி

பதில்: தம்பி, மைக்கை விடுங்கள். 1966-லிருந்து உலகம் முழுக்க ராக் பாடகர்கள் அதே மைக்கில்தான் பாடுகிறார்கள். அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்தீர்களே ஒரு தலையணை, அதைப் பேசுவோம்.

பாதி ஷோவில் குரல் போகிறது என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் மேடையில் நடந்ததைத்தான் பக்கம் பக்கமாக விவரிக்கிறார்கள். வீட்டில் எப்படிப் பழகினீர்களோ அப்படித்தான் மேடையில் வரும். நீங்கள் தினமும் ஒரு மணி நேரம் பழகுவது ஒளிந்து பாடுவதை.

கட்டிலில் குனிந்து உட்காரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். உதரவிதானம் என்பது கீழ்விலாவைச் சுற்றி ஒட்டியிருக்கும் தசை. மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்க வேண்டும், விலா பக்கவாட்டில் விரிய வேண்டும். குனிந்தால் மடிந்த வயிறு அதைக் கீழேயிருந்து முட்டுகிறது. விலாவுக்கும் இடமில்லை. மூச்சு மார்பின் மேல்பகுதியோடு நின்றுவிடும், தோள் ஏறும், கழுத்துத் தசைகள் மூச்சிழுக்கும் வேலையையும் தலையில் போட்டுக்கொள்ளும். குரல்வளை அந்தத் தசைகளுக்கு நடுவில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவை இறுகினால் அதுவும் சேர்ந்து இறுகும்.

போதாக்குறைக்குத் தலையணை. தன் குரல் தன் காதுக்குச் சரியாகக் கேட்காவிட்டால் யாராக இருந்தாலும் தன்னையறியாமல் அழுத்திப் பாடுவார்கள். அதே நேரத்தில் அடுத்த அறைக்குக் கேட்கக் கூடாதே என்று சத்தத்தை நெரிக்கிறீர்கள். ஒரே தொண்டைக்கு எதிரெதிராக இரண்டு உத்தரவு. 440 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றைப் பிடித்தால் குரல்நாண்கள் நொடிக்கு 440 தடவை மோதிப் பிரிகின்றன. நெரித்துப் பிடித்துப் பாடினால் ஒவ்வொரு மோதலும் பலமாக விழும், நாண்கள் வீங்கும். வீங்கிய நாணை மேல் சுரத்துக்குத் தேவையான அளவு மெலிதாக இழுக்க முடியாது. உங்களுக்கு மேல் ஸ்தாயி முதலில் போவது இதனால்தான். மாதக்கணக்கில் இப்படியே ஓட்டினால் வீக்கம் தடித்து முடிச்சாக நின்றுவிடும்.

இனி அம்மா விஷயம். ‘சமாளித்துக்கொள்வார்’ என்று எழுதும்போது உங்களுக்கு ஒன்றும் உறுத்தவில்லையா? சம்பாதிக்கிற பிள்ளை நீங்கள். உங்கள் ஆசையை உங்கள் வாயால் சொல்லாமல், அதற்கான பொய்யைப் பெற்றவள் தலையில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். விஷயம் வெளியே வரும் நாளில் முதல் ஏச்சு அவருக்குத்தான் விழும். பாடக் கூடாது என்று அப்பா சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் அவரிடம் கேட்டதாகவும் இல்லை. 24 வயதில் பாட அனுமதி வாங்க வேண்டியதில்லைதான். ஆனால் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிற வரைக்கும், அந்த வீட்டில் நடப்பதை அப்பாவுக்குத் தெரிவிக்கிற கடமை பிள்ளைக்கு உண்டு. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இந்த வாரமே அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள்: “அப்பா, நான் ஒரு பேண்டில் பாடறேன். தினமும் சாயந்தரம் 7 மணியிலேருந்து அரை மணி நேரம் ஹால்ல நின்னு பாடிப் பழகணும். வீட்டுக்குக் கொடுக்கிற பணத்துல குறை வைக்க மாட்டேன். அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க, தப்பு என்னுது.” கோபித்தால் நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அரை மணி நேரத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்பதையும் சொல்கிறேன். சுவரில் சாய்ந்து நில்லுங்கள். குதிகால் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கட்டும். பிட்டம், தோள்பட்டை, பின்தலை மூன்றும் சுவரில் பட வேண்டும், முழங்கால் விறைக்கக் கூடாது, தாடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பின்தலை படவில்லை என்று தாடையைத் தூக்காதீர்கள், இடையில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். இரண்டு கையையும் கீழ்விலாவின் பக்கங்களில் வைத்து மூச்சை இழுங்கள். விலா கையை வெளியே தள்ள வேண்டும், தோள் அசையவே கூடாது. பிறகு ‘ஸ்ஸ்’ என்று 20 விநாடி ஒரே சீராக விடுங்கள். விலா மெதுவாக இறங்கட்டும், சட்டென்று சரியக் கூடாது. எட்டுத் தடவை போதும். ஹெவி மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ குள்ளமான மனிதர். சிறுவயதில் டிரம்பெட்டும் பிரெஞ்ச் ஹார்னும் ஊதிப் பழகிய மூச்சுதான் தன் பாட்டைத் தாங்குகிறது என்று சொன்னவர் அவர்.

அடுத்தது ஸ்ட்ரா. அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனி 2 அல்லது 3 செ.மீ. மூழ்கட்டும். கன்னத்தைத் தளரவிட்டு, ஸ்ட்ரா வழியாகவே ‘ஊ’ என்று கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே ஐந்து நிமிடம் இழுங்கள். குமிழி சீராக வர வேண்டும். ஸ்ட்ராவில் அடைபடும் காற்று வாய்க்குள் திருப்பி அழுத்துவதால் நாண்கள் மென்மையாக மோதும். இது அடுத்த அறைக்குக் கேட்காது. அதற்காக, அப்பாவிடம் பேசுவதைத் தள்ளிப்போட இதை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் பாட்டு. பாடும்போது கட்டைவிரலைத் தாடைக்கு அடியில், எலும்புக்குப் பின்னால் இருக்கும் மெத்தென்ற இடத்தில் வையுங்கள். மேல் சுரத்துக்குப் போகையில் அந்த இடம் கல்லாக இறுகினால் நாக்கின் அடிப்பகுதி குரல்வளையை அழுத்துகிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்தி, அந்த வரியை நாலு சுரம் இறக்கி, விரலுக்கு மெத்தென்று படுகிற வரை பாடிவிட்டு ஒவ்வொரு சுரமாக ஏறுங்கள். நீங்கள் கேட்ட பவருக்கும் வழி இருக்கிறது. நம் காது சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கூர்மையாகப் பிடிக்கும். சின்னக் குழந்தை சிணுங்குவதைப் போல ‘நே நே நே’ என்று கூர்மையாகப் பாடிப் பாருங்கள். குரல்வளையின் மேல் திறப்பு சற்றுக் குறுகி அந்த ஒலி எடுபடும். அதே கூர்மையோடு பாட்டின் வரிகளைச் சொல்லிப் பழகினால், மூச்சைக் கூட்டாமலே குரல் கிதாரைத் தாண்டிக் கேட்கும்.

உங்கள் படத்தைப் பார்த்தேன். மைக் ஸ்டாண்டு நெற்றி உயரத்தில் நிற்கிறது, நீங்கள் தாடையைத் தூக்கிக் கழுத்தை நீட்டியிருக்கிறீர்கள். மோட்டர்ஹெட் என்ற ராக் பேண்டின் பாடகர் லெம்மி அண்ணாந்து பாடியவர்தான். ஆனால் அவர் பாடியது கரடுமுரடான அடிக்குரலில். உங்கள் பாட்டுக்கு மேல் ஸ்தாயி வேண்டும். முன்கழுத்து இழுபட்டால் குரல்வளை அங்கே ஏறிப் பூட்டிக்கொள்ளும். மைக்கை வாய்க்கு நேராக, இரண்டு விரல் தூரத்தில் வையுங்கள். பக்கவாட்டிலிருந்து மொபைலில் வீடியோ எடுத்துப் பாருங்கள், காது தோளுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கிதாரைத் தொடை வரை தொங்கவிட்டிருக்கிறீர்கள். லெஸ் பால் வகை கிதார் சுமார் 4 கிலோ வரும். அந்தப் பாரம் இடது தோளைக் கீழே இழுத்து, உங்களை மறுபடியும் கட்டிலில் உட்கார்ந்த கூனுக்கே கொண்டுபோகிறது. பட்டையான ஸ்ட்ராப் வாங்கி, உட்கார்ந்து வாசிக்கும்போது கிதார் இருக்கிற அதே உயரத்துக்கு ஏற்றுங்கள். மானிட்டர், அதாவது உங்கள் குரலை உங்களுக்கே கேட்கவைக்கும் ஸ்பீக்கர், மைக்கின் முதுகுக்கு நேராக, உங்களைப் பார்த்து இருக்கட்டும். டிரம்ஸ் சத்தத்தில் உங்கள் குரல் உங்களுக்குக் கேட்காவிட்டால் அந்த மேடையும் இன்னொரு தலையணைதான். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தவும் வேண்டாம், ஃபீட்பேக் ஊளையிடும்.

மிளகும் பனங்கற்கண்டும் சாப்பிட்டு இதைச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது, குரல்நாணைத் தொடாது. செருமுவதை நிறுத்துங்கள். செருமத் தோன்றினால் ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினாலோ, பாடும்போது வலித்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் கேமரா வைத்துக் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷோவுக்காக வலி மாத்திரை போட்டுக்கொண்டு பாடவே கூடாது. வலி மறைந்துபோகும், சேதம் தொடரும்.

அடுத்த மாத ஷோவுக்குப் பாட்டு வரிசையை இப்போதே மாற்றுங்கள். உச்சம் கேட்கும் பாட்டுகளை அடுத்தடுத்து வைக்காமல், நடுவில் கீழ் ஸ்தாயிப் பாட்டோ வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதியோ வரட்டும். தேவைப்பட்டால் ஒரு சுரம் இறக்கி வாசிக்க பேண்டில் மற்றவர்களும் சம்மதிக்க வேண்டும். ஷோவுக்குப் பத்து நாள் இருக்கும்போதும் காலையில் எழுந்ததும் முதல் வார்த்தை சத்தமில்லாமல் காற்றாக வந்தால், அன்றைக்கே பேண்டில் சொல்லிவிடுங்கள். வேறு பாடகரைத் தேட அவர்களுக்கு நாள் வேண்டும்.