கணினி கேள்வி–பதில்: எக்லிப்ஸ் கன்சோலில் தாமதம் ஏன்?

கேள்வி: காபி மூட்டைகளின் எடையைக் கூட்ட, விண்டோஸில் எக்லிப்ஸ் (புரோகிராம் எழுதி ஓட்டும் மென்பொருள்) வைத்து சி புரோகிராம் எழுதினேன். ரன் செய்தால் கன்சோல் காலியாக இருக்கிறது. எண்களை டைப் செய்து முடித்த பிறகே ‘எடையை உள்ளிடுக’ என்ற வரிகள் மொத்தமாக வருகின்றன. கமாண்ட் பிராம்ப்ட்டில் சரியாக ஓடுகிறது.
– வாசகர், ஏற்காடு

பதில்: உங்கள் புரோகிராமில் தவறில்லை. எக்லிப்ஸின் கன்சோல் உண்மையான டெர்மினல் அல்ல. அது ஒரு பைப், அதாவது புரோகிராமின் வெளியீட்டை எக்லிப்ஸுக்குக் கடத்தும் குழாய். பைப்புக்குப் போகும் பிரிண்ட்எஃப் வரிகளை சி லைப்ரரி உடனே அனுப்பாது. பஃபர் என்ற தற்காலிக நினைவிடம் நிறையும்வரை அல்லது புரோகிராம் முடியும்வரை பிடித்து வைத்திருக்கும். வரி முடிவில், புதிய வரிக்கான குறியான ‘\என்’ போடச் சொல்வார்கள். விண்டோஸில் அது இங்கே பலிக்காது.

மெயின் ஃபங்ஷனின் முதல் வரியாக இதைச் சேருங்கள்:

செட்விபஃப்(எஸ்டிடிஅவுட், நல், _ஐஓஎன்பிஎஃப், 0);

ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யும்போது நல், _ஐஓஎன்பிஎஃப் இரண்டும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இதன்பின் ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் தெரியும். ஆயிரக்கணக்கான வரிகள் அச்சிட்டால் வேகம் குறையும். அப்போது இதை நீக்கிவிட்டு, ஸ்கேன்எஃப்புக்கு முன் மட்டும், பஃபரில் உள்ளதை உடனே அனுப்பும் எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஅவுட்); போடுங்கள்.

இதை அலட்சியமாக விடாதீர்கள். புரோகிராம் நடுவில் கிராஷ் ஆனால் பஃபரில் இருந்தவை அழிந்துபோகும். கடைசியாகத் தெரிந்த வரியை நம்பி, பிழையைத் தவறான இடத்தில் தேடுவீர்கள்.

கன்சோல் பகுதியே காணாமல் போயிருந்தால்: விண்டோ, ஷோ வியூ, கன்சோல். நீளமான வெளியீட்டில் தொடக்க வரிகள் மறைந்தால், பிரிஃபரன்ஸஸில் ரன்/டீபக், கன்சோல் போய் அளவு வரம்பைக் கூட்டுங்கள்.