கால்சியம் ஏறுகிறது, எலாஸ்டேஸ் மட்டும் வரவில்லை

நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவைத் தூண்டும்போது உள்ளே கால்சியம் ஏறியும் எலாஸ்டேஸ் என்ற நொதி வெளியே வரவில்லையென்றால், தூண்டும் பெப்டைடான எஃப்எம்எல்பி கொடுப்பதற்கு 5 நிமிடம் முன்னால் ஆக்டின் இழைகளைக் குலைக்கும் சைட்டோகலாசின் பி சேருங்கள், மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் போதும்.

கால்சியத்தைக் காட்டும் சாயமான ஃபூரா-2-இன் சிக்னல் அழகாக ஏறியும் எலாஸ்டேஸ் வராததற்குக் காரணம் பெரும்பாலும் செல் சவ்வுக்கு அடியில் துகள்களைத் தடுக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலைதான். நியூட்ரோபிலில் எலாஸ்டேஸ் இருக்கும் அசூரோஃபில் துகள்கள் லேசில் வெளியே வராது, கால்சியம் ஏறினால் மட்டும் போதாது.

எலாஸ்டேஸை அளக்கும் அதே மேல்திரவத்தில் (செல்களைப் பிரித்தபின் மேலே நிற்கும் திரவம்) லாக்டோஃபெரின் என்ற புரதத்தையும் அளந்து பாருங்கள். அது வேறு துகளில் இருப்பது, எளிதில் வரும். அதுவும் இல்லையென்றால் பஃபரில் கால்சியம் போட்டீர்களா? போடாவிட்டாலும் உள்சேமிப்பிலிருந்து முதல் உச்சம் வந்துவிடும், அதில்தான் பலர் ஏமாறுவது.

அப்புறம், சைட்டோகலாசின் போட்ட செல் சரியாக நகராது, விழுங்காது. அப்படி வெளியே வரும் எலாஸ்டேஸ் அளவை உடலுக்குள் நடப்பதாக எழுதிவிடாதீர்கள். சைட்டோகலாசினைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட கன்ட்ரோலும் வேண்டும்.