நெஞ்சு நோயாளியின் உடல் மெலிகிறது: புரத மா டின் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனாருக்கு 68 வயது. நெடுங்காலம் சிகரெட் புகைத்து, நான்கு வருடங்களுக்கு முன் அதை விட்டவர். சீ.ஓ.பீ.டீ. எனப்படும் நாட்பட்ட சுவாசத்தடை நோய்க்கு வாயால் இழுக்கும் பம்பும் தியோபிலின் மாத்திரையும் பாவிக்கிறார். எட்டு மாதங்களில் அவருடைய நிறை 57 கிலோவிலிருந்து 49 கிலோவாக இறங்கியிருக்கிறது. உயரம் 165 சென்றிமீற்றர். சீனி வருத்தம் இல்லை, சிறுநீரகப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் பாதியிலேயே மூச்சு வாங்கி, கோப்பையைத் தள்ளிவிடுகிறார். சளி கூடும் என்று உறவினர்கள் பால், தயிர், வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். இந்த நிலையில் ஒருவர் வீடு தேடி வந்து, நுரையீரல் நோயாளிகளுக்கென்றே தயாரிக்கப்பட்டது என்று ஒரு புரத மா டின்னைக் காட்டி, மாதத்துக்கு நான்கு டின் கொடுக்க வேண்டும் என்கிறாராம். வாங்கலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு அவசரமான வேறு வேலை இருக்கிறது.

எட்டு மாதத்தில் எட்டுக் கிலோ என்பது அவருடைய உடலில் ஏறத்தாழ 14 வீதம். உயரத்துக்கேற்ற நிறையைக் காட்டும் பீ.எம்.ஐ. அளவு அவருக்கு இப்போது 18. இந்த நோய் உள்ளவர்களில் 21க்குக் கீழே போனாலே நாங்கள் கவலைப்படத் தொடங்குவோம். சுருங்கிய சுவாசக் குழாய்கள் வழியே காற்றை இழுத்துத் தள்ளுவதற்கு நெஞ்சுத் தசைகள் இரவும் பகலும் மேலதிகமாக வேலை செய்கின்றன. அந்தச் செலவுக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாதபோது உடல் தன் தசையையே கரைத்துக்கொள்கிறது. ஆனாலும் இவ்வளவு வேகமான மெலிவை நுரையீரல் மீது மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. காசநோய், நுரையீரல் புற்றுநோய், தைரொயிட் கோளாறு ஆகியவையும் இதே போல் மெலிய வைக்கும். சளிப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் இந்த வாரமே செய்யப்பட வேண்டும். மருதானையில் உள்ள மத்திய நெஞ்சு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம். உங்களுக்கு அது தூரமும் இல்லை.

மாத்திரையையும் பாருங்கள். தியோபிலின் அளவு கூடினால் குமட்டலும் பசியின்மையும் வரும். சிப்ரோபுளொக்சசின், எரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் சேரும்போது இரத்தத்தில் அதன் அளவு ஏறும். நீங்களாக நிறுத்திவிடாமல், பசியில்லை என்பதை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவருடைய பம்பில் ஸ்டீரொயிட் இருந்தால், இழுத்தபின் வாய் கொப்பளிக்கிறாரா என்றும் கவனியுங்கள். கொப்பளிக்காதவர்களுக்கு நாக்கில் வெள்ளை படிந்து, சோறு ருசியற்றுப் போகும்.

இதையெல்லாம் ஒரு வாசகி எழுதிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பாருங்கள்: ஒவ்வொரு பக்கத்திலும் மருந்து எழுதப்பட்டிருக்கும், நிறை எழுதப்பட்டிருக்காது. அதிகாலையிலேயே வரிசையில் நின்றவரை ஒரு தராசில் ஏற்றி எண்ணைக் குறிப்பதற்கு அரை நிமிடம் போதும். அது நடந்திருந்தால் இரண்டாவது கிலோ இறங்கும்போதே யாராவது கேட்டிருப்பார்கள். உணவு ஆலோசனை என்று கையில் கொடுக்கப்படும் தாளோ பெரும்பாலும் சீனி வருத்தக்காரருக்காக அச்சிடப்பட்டது. சோற்றைக் குறை, எண்ணெயைக் குறை என்று அதில் இருக்கும். உங்கள் தகப்பனாருக்கு அது நேர் எதிரான அறிவுரை. அப்படி ஒரு தாள் வீட்டில் இருந்தால் எடுத்து ஒதுக்கிவிடுங்கள்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். வயிறு நிறைந்தால் அது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத் தசையை மேலே தள்ளும், மூச்சுக்கு இடம் குறையும். ஆகவேதான் பாதியில் நிறுத்துகிறார். மூன்று நேரம் கோப்பை நிறையக் கொடுப்பதை விட்டு, இரண்டரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையளவு கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரம் ஆறுதலாக இருக்கட்டும். குளிப்பதையும் உடுப்பு மாற்றுவதையும் அந்த நேரத்தில் வைக்காதீர்கள். மேசையில் முழங்கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது நல்லது. தண்ணீரையும் ரசத்தையும் கடைசியில் கொடுங்கள், முதலிலேயே குடித்தால் வயிறு அதனாலேயே நிறைந்துவிடும். மாலையில் களைத்துப்போகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடே பெரிய சாப்பாடாக இருக்க வேண்டும்.

அளவு சிறிதாக இருப்பதால் உள்ளே போகும் ஒவ்வொரு பிடியிலும் சத்துச் செறிந்திருக்க வேண்டும். இடியப்பத்தைக் கெட்டித் தேங்காய்ப்பாற் சொதியில் ஊறவைத்து, அதனுள் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி அவியவிட்டுக் கொடுங்கள். மெல்லும் சிரமமும் குறையும். பருப்பில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் சுமார் 40 கலோரி கூடும், அளவு கூடாது. பட்டர் புரூட்டைப் பாலோடு அடித்துக் கொடுக்கலாம். உளுத்தங்களி, எள்ளுருண்டை, பயற்றங்கஞ்சி எல்லாம் நல்லவை. அவருடைய நிறைக்கு ஒரு நாளில் 60 முதல் 70 கிராம் வரை புரதம் தேவை. இரண்டு முட்டை, 100 கிராம் மீன், இரண்டு முறை 25 கிராம் பால்மா, ஒரு கைப்பிடி சோயா மீற், அரைக் கோப்பை பருப்புக்கறி என்று சேர்த்தால் அந்தக் கணக்கு ஏறத்தாழ நிரம்பிவிடும்.

பால் சளியை உண்டாக்குவதில்லை. பால் குடித்தபின் எச்சில் சற்றுத் தடிப்பாகத் தொண்டையில் நிற்கும், அதைச் சளி என்று எண்ணிவிடுகிறோம். தயிரையும் வாழைப்பழத்தையும் குளிர்ச்சி என்று விலக்கியது, மெலிந்துகொண்டிருக்கும் ஒரு மனிதரிடமிருந்து மலிவான நல்ல உணவைப் பறித்ததுதான். இன்றே திரும்பக் கொடுங்கள்.

டின் விற்பவர்களைப் பற்றி நான் கடுமையாகவே எழுத விரும்புகிறேன். மாச்சத்து கரியமில வாயுவைக் கூட்டும், எங்கள் மாவில் கொழுப்பு அதிகம், ஆகவே மூச்சு இலேசாகும் என்று சொல்வார்கள். வீட்டில் சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு இது பொருந்தாது. தேவைக்கு மிஞ்சி உணவைத் திணிக்கும்போதே அந்தச் சிக்கல் வரும், உங்கள் தகப்பனாருக்கோ சாப்பாடே போதவில்லை. டின்னைத் திருப்பி லேபலைப் படியுங்கள். சேர்மானங்கள் அளவில் கூடியது முதலில் வரும்படி எழுதப்பட்டிருக்கும். முதலில் சீனியோ மோல்டோடெக்ஸ்ட்ரினோ இருந்தால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் மாச்சத்து. ஒரு தடவைக் கலக்கலில் எத்தனை கிராம் புரதம் என்று பார்த்து, முட்டை விலையோடு ஒப்பிடுங்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. லேபலே இல்லாமல் பொட்டலமாக வரும் ‘நிறை கூட்டும் தூள்’ இன்னும் ஆபத்தானது. அப்படிப்பட்ட தூள்களில் ஸ்டீரொயிட் கலந்திருப்பது உலகில் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முகம் ஊதும், பசி எடுக்கும், வீட்டார் மகிழ்வார்கள். உள்ளே எலும்பும் தசையும் தேயும், சீனி ஏறும்.

ஊட்டச்சத்து மாக்கள் அனைத்தும் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. மெலிந்த சீ.ஓ.பீ.டீ. நோயாளிகளுக்கு அவை நிறையைக் கூட்ட உதவுகின்றன என்று 2012இல் வெளிவந்த, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு காட்டியது. பரிசோதனை முடிந்து, இரண்டு மாதம் வீட்டுச் சாப்பாட்டைச் செறிவாகக் கொடுத்தும் நிறை ஏறாவிட்டால், வைத்தியசாலையின் உணவியலாளருக்குக் கடிதம் கேட்டு வாங்கி, அவர் சொல்லும் மாவைச் சாப்பாட்டுக்குப் பதிலாக அல்லாமல் சாப்பாடுகளுக்கு இடையில் கொடுக்கலாம்.

ஏறும் நிறை எல்லாம் சதை அல்ல என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாட்பட்ட நெஞ்சு நோயில் இதயத்தின் வலப்பக்கம் களைத்து, உடலில் நீர் தங்கலாம். கிழமைக்கு ஒருமுறை, காலையில், மலசலம் கழித்தபின், சாப்பிடுமுன், அதே தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். மாதத்தில் ஒரு கிலோ ஏறினால் நல்லது. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பாட்டினால் வந்ததாக இருக்காது. கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால், அல்லது சாரம் கட்டிய இடத்தில் ஆழமாகத் தடம் விழுந்தால், தலையணை உயர்த்தாமல் படுக்க முடியவில்லை என்றால், அன்றே வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். நீர் தங்கியவரின் கால் வீங்கியிருக்க, கை தொடர்ந்து மெலிந்துகொண்டிருக்கும்; தராசு எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் தேறிவிட்டார் என்று நம்பிவிடுவார்கள். அதனால் மேல்கையின் சுற்றளவையும் மாதம் ஒருமுறை தையல் நாடாவால் அளந்து, நிறைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

புரதம் தசையாக மாறுவதற்குக் கால்கள் வேலை செய்ய வேண்டும். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதை ஐந்து தரம், ஒரு நாளில் மூன்று முறை செய்யச் சொல்லுங்கள். எழும்போது உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விடட்டும். கிளினிக்கில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் அனுப்பமாட்டார்கள், ஆகவே அடுத்த முறை நீங்களும் கூடவே போய், நிறை எழுதிய தாளை வைத்தியரின் மேசையில் வைத்துக் கேளுங்கள்.