பென்சில்வேனியாவில் முதல் மான் வேட்டை: எதை வாங்குவது, எங்கே உட்காருவது?

கேள்வி இதுதான்: பென்சில்வேனியாவில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் நண்பர்கள் நவம்பர் கடைசியில் வெள்ளைவால் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். 1,500 டாலர் வரை செலவழிக்கலாம். என்னென்ன வாங்குவது, காட்டுக்குள் போய் என்ன செய்வது?

நானும் இதே மாநிலம்தான், வருஷா வருஷம் போகிறேன். சாமான் பட்டியலுக்கு முன்னால் விசா விஷயத்தை முடித்துவிடுவோம். உங்களைக் கூப்பிடும் நண்பர்கள் யாருக்கும் இது தெரிந்திருக்காது. அமெரிக்க மத்திய சட்டப்படி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, பிறகு லைசென்ஸ், அதற்குப் பிறகுதான் துப்பாக்கியைத் தொடுவது. நண்பருடைய துப்பாக்கியை இரவல் வாங்கினாலும் கணக்கு அதேதான். இங்கே லைசென்ஸ் ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிடும். துப்பாக்கி வீட்டில் இருந்தால், அதற்குள் புது லைசென்ஸ் வாங்கிவிடுங்கள். விசா விவகாரம் என்பதால் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

மாநிலவாசிக்கு லைசென்ஸ் சுமார் 21 டாலர். அதிலேயே கொம்புள்ள ஆண் மான் ஒன்றுக்கான டேக், அதாவது சுட்ட மானின் காதில் கட்டும் சீட்டு, அடக்கம். பெண் மானுக்குத் தனி அனுமதி, சுமார் 7 டாலர், ஒரு குறிப்பிட்ட வட்டாரத்துக்கு மட்டும் செல்லும். அதைக் கட்டாயம் வாங்குங்கள். 2002-லிருந்து இங்கே கொம்புக் கட்டுப்பாடு இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது 3 முனை இருந்தால்தான் சுடலாம். விடியற்கால மங்கலில், புதருக்குள் நிற்கும் மானின் கொம்பில் முனை எண்ணுவது புதியவருக்கு லேசுப்பட்ட காரியமில்லை. முதல் வருஷம் ஒரு பெண் மான் கிடைத்தால் அதுவே திருப்தி. கறியும் அதில்தான் ருசி என்பது என் கட்சி.

இனி காசு. 1,500 முழுவதும் தேவையே இல்லை. செலவழிப்பதைக் காலுக்கும் உடம்புக்கும் செலவழியுங்கள். இந்த வேட்டையில் ஓட்டமும் துரத்தலும் கிடையாது. இருட்டோடு போய், உறைநிலைக்குக் கீழான குளிரில், மணிக்கணக்கில் ஆடாமல் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. குளிரில் நடுங்குகிறவன் கையைத் தேய்ப்பான், காலை மாற்றுவான், எழுந்து நிற்பான். மானின் கண்ணுக்கு அசைவு போதும். ஆகவே நல்ல இன்சுலேஷன் உள்ள பூட்ஸ், மெரினோ கம்பளி உள்ளாடை, கம்பளி சாக்ஸ், காற்று புகாத மேல்கோட்டு, கைக்குள் வைக்கும் சூட்டுப் பொட்டலங்கள். பருத்தி பனியன் வேண்டாம். அது வேர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, உட்கார்ந்த அரை மணியில் உங்களை விறைக்க வைக்கும். மேல்கோட்டை நடக்கும்போது போடாதீர்கள். பையில் தூக்கிப் போய், இடத்தை அடைந்து மூச்சு ஆறிய பிறகு மாட்டுங்கள்.

தலை, மார்பு, முதுகு மூன்றும் சேர்ந்து 250 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் பளீர் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்பது துப்பாக்கி சீசன் சட்டம். ‘மான் பார்த்துவிடாதா?’ என்று எல்லோரும் கேட்பார்கள். மானின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் இரண்டு வகைதான். நமக்கு மூன்று. சிவப்பும் ஆரஞ்சும் அதற்குத் தனி நிறமாகத் தெரியாது. நீலம்தான் நன்றாகத் தெரியும். ஆகவே ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பற்றிக் கவலைப்படாமல், நீல ஜீன்ஸை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள்.

துப்பாக்கி விஷயத்தில் கடைக்காரர் பேச்சைக் கேட்டு மயங்க வேண்டாம். மான் வேட்டைக்கு, ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு தானாகவே அடுத்த தோட்டா ஏறும் செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிள் இந்த மாநிலத்தில் கூடாது. ஒவ்வொரு தடவையும் கையால் தோட்டா ஏற்றும் சாதாரண போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், .308 வின்செஸ்டர் அல்லது 6.5 கிரீட்மூர் தோட்டா வகையில், அதன்மேல் 3 முதல் 9 மடங்கு வரை பெருக்கும் ஸ்கோப் என்றால் 600 டாலருக்குள் அடங்கிவிடும். தோளில் உதை பிடிக்காதென்றால் .243 போதும். இங்கே காட்டில் 100 கஜத்துக்குள்தான் பெரும்பாலும் மான் கண்ணில் படும். 500 கஜம் பாயும் தோட்டாவுக்குத் தண்டமாகக் காசு அழ வேண்டாம். அந்தக் காசில் கூடுதலாக இரண்டு பெட்டித் தோட்டா வாங்கி, அக்டோபரிலேயே சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போங்கள். மேசைமேல் வைத்து 100 கஜத்தில் குறி சரிபார்த்த பிறகு, மேசையை மறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து முழங்காலில் முட்டுக் கொடுத்துச் சுட்டுப் பழகுங்கள். காட்டில் மேசை இருக்காது.

மரத்தில் கட்டி மேலே உட்காரும் ஸ்டாண்ட் முதல் வருஷம் வாங்க வேண்டாம். தோளைவிட அகலமான ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து, தடிமனான மெத்தை போட்டுத் தரையில் உட்காருங்கள். நண்பர்கள் தங்கள் ஏணி ஸ்டாண்டில் ஏறச் சொன்னால், விழாமல் பிடிக்கும் முழு உடல் பட்டையான ஹார்னஸ் இல்லாமல் ஒரு படிகூட ஏறாதீர்கள். வேட்டைக்காரர்கள் அடிபடுவதில் மரத்திலிருந்து விழுவதற்குப் பெரிய பங்கு. கால் தரையை விட்ட நொடியிலிருந்து மரத்தோடு மாட்டியிருக்க வேண்டும். துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு, கயிற்றில் கட்டி வைத்து, நீங்கள் ஏறிய பிறகுதான் அதை மேலே இழுக்க வேண்டும்.

மற்றபடி 8 மடங்கு பைனாகுலர், தலை விளக்கு, கத்தி, ரப்பர் கையுறை, கயிறு, தண்ணீர், ஆன்எக்ஸ் மாதிரி எல்லை காட்டும் மேப் ஆப். உண்ணிக்காகக் கால்சட்டையில் முந்தின நாளே பெர்மெத்ரின் அடித்துக் காயவிடுங்கள். லைம் காய்ச்சல் அதிகமுள்ள மாநிலம் இது, நவம்பரிலும் மான் உண்ணி உயிரோடுதான் இருக்கும். வாடை நீக்கும் ஸ்ப்ரே, மான் மூத்திர பாட்டில், கரித்தூள் பதித்த 300 டாலர் சட்டை எல்லாம் என் பார்வையில் வியாபாரம். மூத்திர வகை வசிய மருந்துகளுக்கு, மான் நோய் பரவியிருக்கும் பகுதிகளில் தடையே உண்டு. மக்காச்சோளம் கொட்டி மானை வரவழைப்பதும் மாநிலத்தின் பெரும்பகுதியில் குற்றம்.

மனித வாடையை எந்த மருந்தாலும் மறைக்க முடியாது. அது மானுக்குப் போகாத திசையில் உட்காரத்தான் முடியும். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன் என்றால், காற்றை வைத்துக்கொள்ளுங்கள். மான் எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்களோ, அங்கிருந்து உங்கள் முகத்தில் காற்று அடிக்க வேண்டும். குறைந்தபட்சம் குறுக்கே போக வேண்டும். வானிலை ஆப் சொல்லும் காற்று மேட்டில் அடிக்கும் காற்று, உங்கள் பள்ளத்தில் அது வேறு மாதிரி சுழலும். இதைப் பார்க்க இங்கே பழைய ஆட்கள் மில்க்வீட் செடியின் பஞ்சைப் பையில் வைத்திருப்பார்கள். நம்ம ஊர் எருக்குக்குச் சொந்தக்காரச் செடி, காய் வெடித்தால் எருக்கம் பஞ்சு மாதிரியே பறக்கும். ஒன்றை விட்டுப் பார்த்தால் 50 கஜம் தள்ளிக் காற்று எங்கே திரும்புகிறது என்பதுகூடத் தெரியும். சாலையோரத்தில் சும்மா கிடைக்கும்.

மலைச்சரிவில் இன்னொரு கணக்கு சேரும். வெயில் ஏற ஏறச் சூடான காற்று சரிவில் மேலே போகும், சாயங்காலம் குளிர்ந்ததும் கீழே இறங்கும். ஆகவே காலையில் மானின் வழிக்கு மேல்பக்கம், மாலையில் கீழ்பக்கம். காலையில் நன்றாக இருந்த இடத்திலேயே மாலையும் உட்கார்ந்தால், உங்கள் வாடை நேராகப் பள்ளத்துக்கு இறங்கி ஊரைக் கூட்டிவிடும்.

இடம் எப்படித் தேடுவது? மாநில வேட்டை நிலங்கள் மட்டுமே 15 லட்சம் ஏக்கர், அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஒவ்வொன்றுக்கும் எண்ணும் வரைபடமும் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் போய் நடந்து பாருங்கள். மானுக்கு இரண்டு முகவரி: சாப்பிடும் இடம், படுக்கும் இடம். ஓக் மரங்களில் வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு, அதைத்தான் முதலில் தேடித் தின்னும். அது தீர்ந்தால் சிவப்பு ஓக். இலைச்சருகு கிளறிக் கிடந்தால் அங்கே மேய்ச்சல் நடக்கிறது. படுக்கை, மவுண்டன் லாரல் புதர்களிலும், சில வருஷங்களுக்கு முன் மரம் வெட்டி இப்போது அடர்ந்து முளைத்திருக்கும் இடங்களிலும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தடத்தில், படுக்கையை ஒட்டியே உட்காராமல், காற்று பார்த்துத் தள்ளி உட்காருங்கள்.

துப்பாக்கி சீசன் 2019-லிருந்து, நவம்பர் நான்காம் வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அதற்கு முன்பு பல காலம் திங்கட்கிழமை, அன்றைக்குக் கிராமப்புறப் பள்ளிக்கூடங்கள் லீவு விடும். முதல் நாள் காட்டில் கூட்டம்தான். அந்தக் கூட்டத்தைச் சபிக்காமல் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்கள் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து உள்ளே நடக்கும்போது, மான் எங்கே ஒதுங்கும்? இரண்டு மேடுகளுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் கணவாய் வழியாக, புதர் ஓரமாக. அங்கே அவர்களுக்கு முன்பே, இருட்டிலேயே போய்ச் சேர்ந்திருங்கள். பத்து, பதினோரு மணிக்குக் குளிர் தாங்காமலும் சாப்பாட்டுக்காகவும் பாதிப் பேர் எழுந்து வண்டிக்கு நடப்பார்கள். அப்போது மான்கள் மறுபடி கிளம்பும். சாண்ட்விச்சை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறவர்தான் அன்றைக்குப் புத்திசாலி.

பெண் மான் குட்டிகளோடு முதலில் வரும். தலையை ஆட்டும், முன்னங்காலால் தரையைத் தட்டும், உங்களை அசைய வைக்கப் பார்க்கும். ஏமாறாதீர்கள். அது தலை குனியும்போது அல்லது மரத்துக்குப் பின்னால் போகும்போது மட்டும் துப்பாக்கியைத் தூக்குங்கள். ஆண் மான்தான் வேண்டுமென்றால் அந்தக் கூட்டத்தைப் போக விடுங்கள். இணைசேரும் காலத்தின் உச்சம் நவம்பர் நடுப்பகுதியிலேயே முடிந்துவிடும், ஆனாலும் கருத்தரிக்காத பெண் மான் ஏறத்தாழ 28 நாளில் மறுபடி பருவத்துக்கு வரும். அதன் வாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஒருவன் மூக்கைத் தரையில் வைத்து வரக்கூடும்.

சுடுவது, பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், வயிற்றுக் கோட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம்: இதயமும் நுரையீரலும் அங்கேதான். நேருக்கு நேர் நின்றாலோ ஓடினாலோ விட்டுவிடுங்கள். மானுக்குப் பின்னால் மண் இருக்க வேண்டும். மேட்டு உச்சியில் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கும் மானைச் சுடவே கூடாது. ஆள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 150 கஜத்துக்குள் துப்பாக்கி வேட்டை கிடையாது, வீட்டுக்காரர் அனுமதித்தால் தவிர.

சரியாகப் பட்டாலும் மான் 100 கஜம் ஓடலாம். எழுந்து ஓடாதீர்கள். கடைசியாக அது தெரிந்த மரத்தை மனதில் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். பிறகு போய் ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரை கட்டியிருந்தால் நுரையீரல், கிட்டத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், சில மணி நேரம் விட வேண்டும். பச்சையாக நாற்றமடித்தால் குடல், எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள். அவசரப்பட்டால் அது எழுந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும், உங்களுக்கும் கிடைக்காது, அதற்கும் வேதனை. ரத்தம் கண்ட இடத்திலெல்லாம் டாய்லெட் பேப்பர் துண்டு வைத்துக்கொண்டே போங்கள், திரும்பிப் பார்த்தால் ஓடிய திசை தெரியும்.

மானை நகர்த்துவதற்கு முன்பே டேக்கை எழுதிக் காதில் கட்ட வேண்டும். 10 நாளுக்குள் ஆன்லைனில் தகவல் கொடுக்க வேண்டும். குடலை அங்கேயே எடுத்துவிடுங்கள். மூத்திரப்பையும் குடலும் கிழியாமல், கத்தியின் வெட்டும் பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி தோலை மட்டும் கீறுவதுதான் சூட்சுமம். முதல் தடவை ஒரு நண்பரைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். இழுக்கும்போது தலைப்பக்கம் முன்னால், ரோமம் படியும் திசையில். பிளாஸ்டிக் சறுக்குப் பலகை ஒன்று இருந்தால் இடுப்பு உங்களை வாழ்த்தும்.

மான்களின் மூளையைத் தின்னும் க்ரானிக் வேஸ்டிங் டிசீஸ் 2012-லிருந்து இந்த மாநிலத்தில் இருக்கிறது. அது பரவியிருக்கும் வட்டாரங்களைத் தனியாக அறிவித்திருக்கிறார்கள். அங்கே சுட்டால், தலையை அவர்கள் வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள், சோதனை இலவசம். தலையையும் முதுகெலும்பையும் அந்த வட்டாரத்தைத் தாண்டி எடுத்துப்போகக் கூடாது. மனிதருக்கு அது தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை, ஆனால் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் அறிவுரை. முடிவு வரும்வரை கறி ஃப்ரீஸரில் இருக்கட்டும்.

‘பாவமில்லையா?’ என்று ஊரிலிருந்து ஃபோனில் கேட்பார்கள், தயாராக இருங்கள். இந்தியாவில் 1972 சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்றால் ஜெயில், ஆகவே கேள்வி நியாயம்தான். இங்கே கதை வேறு. கண்டபடி சுட்டுத் தீர்த்ததால், 1906-ல் மிச்சிகனிலிருந்து மான்களை வரவழைத்து விட வேண்டிய நிலை பென்சில்வேனியாவுக்கு வந்தது. லைசென்ஸ், சீசன், டேக் என்ற கட்டுப்பாடுகளோடு பெருகிய மான்கள்தான் இன்று காட்டின் இளங்கன்றுகளை முளைக்க விடாமல் மேய்கின்றன. அவற்றைத் தின்று குறைக்க ஓநாயும் மலைச்சிங்கமும் இங்கே இல்லை, அந்த வேலை வேட்டைக்காரர்கள் தலையில்தான்.

மானை வெட்டித் தரும் கறிக்கடைக்கு டிசம்பரில் வரிசை நீளும், முன்கூட்டியே பேசிவையுங்கள். மானின் கொழுப்பு மெழுகு மாதிரி நாக்கில் ஒட்டும், வெள்ளைச் சவ்வோடு சேர்த்து முழுவதும் சீவிவிடுங்கள். முதுகுத் துண்டை மிளகு போட்டுக் குறைந்த நேரத்தில் வறுத்து இறக்குங்கள், அதிகம் வெந்தால் ரப்பர். கழுத்தும் தோளும் குக்கரில் சின்ன வெங்காயத்தோடு குழம்புக்கு. கொழுப்பைச் சீவிவிட்ட கறி என்பதால் நல்லெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டுக்கொள்ளுங்கள்.