மின்னஞ்சலில் வந்த பேட்சை ஈமாக்ஸுக்குள் இருந்தே சேர்ப்பது எப்படி?

கிளிநொச்சி அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் படிக்கும் நீங்கள், மடலில் வந்த பேட்சை (நிரலில் செய்யவேண்டிய மாற்றங்களின் பட்டியல்) வெட்டி ஒட்டினால் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) ஏற்க மறுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டி ஒட்டுவதுதான் சிக்கலே. அப்படிச் செய்யும்போது டேப் எழுத்து வெறும் இடைவெளியாகலாம், நீண்ட வரி உடையலாம். சுற்றியுள்ள வரிகள் ஒத்துப்போகாவிட்டால் கிட் விடாது.

ஈமாக்ஸ் என்ற உரை திருத்தியில் நாட்மச் என்ற மடல் கருவியைக் கொண்டு மடல் படிப்பவராக இருந்தால், மடலைத் திறந்து | குறியை அழுத்துங்கள். கட்டளை கேட்கும், 'கிட் ஏஎம் -3' என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். மடலின் மூல வடிவம் அப்படியே கிட்டுக்குப் போய், எழுதியவர் பெயர், தேதி, விளக்கம் எல்லாம் கமிட்டில் (கிட் சேமிக்கும் மாற்றப் பதிவில்) பதிவாகும். உழைத்தவர் பெயர் அவருக்கே சேர்வதால், கோப்புகளை மட்டும் மாற்றி கமிட் செய்யாத 'கிட் அப்ளை'யை விட இதையே நான் பரிந்துரைப்பேன். அந்த -3, பேட்ச் நேராகப் பொருந்தாதபோது மும்முனை இணைப்பை (பொதுவான பழைய வடிவத்தை வைத்து இரு பக்க மாற்றங்களையும் ஒன்றுசேர்ப்பதை) முயலும்.

கட்டளை எந்த அடைவில் ஓடுகிறது என்று பாருங்கள். வேறிடம் என்றால் 'கிட்'டுக்குப் பின்னே சிறு கோட்டுடன் பெரிய சி-யும் (-C), களஞ்சியத்தின் (கிட் பார்க்கும் நிரல் அடைவின்) பாதையும் சேருங்கள். விம் என்ற இன்னொரு உரை திருத்தியில் மூல மடலைத் திறந்து, ':டபிள்யூ !கிட் ஏஎம்' போதும்.

மடல் கணினிக்கு வந்துவிட்டால் அப்புறம் இணையமே வேண்டாம். முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸில் சிக்னல் போனாலும் வேலை நடக்கும். பேட்சும் உங்கள் நிரலும் மோதிக் குழம்பினால், 'கிட் ஏஎம் --அபோர்ட்' (abort) பழைய நிலைக்குக் கொண்டுவரும்.