நீங்கள் நீக்கிவிட்ட படங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் சிங்கப்பூரில் ஜூரோங் வெஸ்ட்டில் வசிக்கிறேன். கப்பல் பட்டறையில் பொறியாளர். மூன்று ஆண்டுகளாக உலக சினிமாவை முறையாகப் பார்த்து வருகிறேன். வங்காள இயக்குநர்கள் சத்யஜித் ராய், ரித்விக் கட்டக், ஜப்பானிய இயக்குநர்கள் அகிரா குரோசாவா, யசுஜிரோ ஓசு ஆகிய நால்வரின் படைப்புலகத்தை ஒப்பிட ஓர் அட்டவணை தயாரித்தேன். கதை, காட்சிமொழி, நடிப்பு, புதுமை என்று பிரித்து ஒவ்வொரு படத்துக்கும் மதிப்பெண் போட்டுச் சராசரி எடுத்தேன். சறுக்கல்களை வைத்து ஒரு மேதையை எடைபோடுவது நியாயமில்லை என்பதால், தோல்வி என்று பொதுவாகச் சொல்லப்படும் படங்களை நீக்கிவிட்டேன். குரோசாவா முதலிடம், ராய் இரண்டாமிடம். மகளைக் கட்டிக்கொடுக்கும் அப்பாவின் கதையையே திரும்பத் திரும்ப எடுத்ததால் ஓசு மூன்றாமிடம். கட்டக் எட்டுப் படங்களே எடுத்ததால் அவரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உங்கள் கருத்து என்ன? தமிழில் இப்படி ஒப்பிடத்தக்க இயக்குநர் யார்?

க.

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது அப்பாவின் திதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அவருடைய அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது கிடைத்த ஒரு டிவிடியை மேசைமேல் வைத்துக்கொண்டு அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் நீக்கிய படங்களில் அதுவும் ஒன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

பகல் முழுவதும் பட்டறை வெக்கையில் நின்றுவிட்டு, இரவில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நான்கு பேரின் படங்களைத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் வயதில் அதைச் செய்பவர்கள் குறைவு. அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவ்வளவு உழைப்பையும் கொண்டுபோய் ஒரு சராசரி எண்ணில் அடைத்துவிட்டீர்களே என்பதுதான் என் கோபம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஒரே தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத் தரம் பிரித்துப் பழகிய ஊர் இது. அந்தப் பழக்கத்தைத் திரையரங்குக்குள்ளும் கொண்டுவராதீர்கள்.

குரோசாவா பெரியவரா ராய் பெரியவரா என்பதில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. உங்கள் வரிசை உங்களோடு இருக்கட்டும். ஓசு ஒரே கதையை எடுத்தார் என்ற குற்றச்சாட்டுக்கும் நீண்ட பதில் தேவையில்லை. நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்துக்கே திரும்பத் திரும்பப் போனார். இன்றும் தோடி என்றால் அவர் பெயர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அவரிடம் போய் ‘மறுபடியும் தோடியா’ என்று கேட்டிருப்பீர்களா?

தமிழைப் பற்றிக் கேட்டீர்கள். மகேந்திரன் 12 படங்கள் இயக்கினார். ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’ இரண்டையும் விட்டால் மற்ற பத்தில் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? அவற்றைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், பேசுவோம்.

என்னை உறுத்தியது உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சொல்: ‘நீக்கிவிட்டேன்.’ எந்த உரிமையில் நீக்கினீர்கள், தம்பி? படைப்புலகத்தை ஒப்பிடுகிறேன் என்று தொடங்கிவிட்டு அந்த உலகத்தில் பாதியை வெளியே தள்ளிவிட்டால் மிஞ்சுவது விருதுப் பட்டியல். அதை ஒப்பிடுவதற்கு மூன்று ஆண்டுகள் படம் பார்த்திருக்க வேண்டியதே இல்லை.

உங்கள் முதலிடத்தையே எடுத்துக்கொள்வோம். 1970இல் குரோசாவா ‘டோடெஸ்காடென்’ எடுத்தார். அவருடைய முதல் வண்ணப் படம், குப்பைமேட்டில் வாழ்பவர்களின் கதை. ஓடவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் தற்கொலைக்கு முயன்றார். பிழைத்தெழுந்து சோவியத் நாட்டுக்குப் போய் ‘தெர்சு உசாலா’வை எடுத்து முடிக்க 1975 ஆகிவிட்டது. ‘டோடெஸ்காடென்’ உங்கள் அட்டவணையில் இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தக் குப்பைமேட்டில் வண்ணத்தை வாரிப் பூசிப் பார்த்த கைதான் 1985இல் ‘ரான்’ படத்தின் மூன்று மகன்களுடைய படைகளுக்கு மஞ்சளும் சிவப்பும் நீலமும் கொடுத்தது. முன்னதை நீக்கிவிட்டுப் பின்னதற்குக் காட்சிமொழியில் முழு மதிப்பெண் போடுகிறீர்கள். அந்த வண்ணம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ராய்க்கு வாருங்கள். 1983இல் ‘கரே பைரே’ எடுத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மாரடைப்பு வந்தது. அதன்பின் பல ஆண்டுகள் கழித்து 1989இல் எடுத்த ‘கணசத்ரு’வை மருத்துவர்களின் கட்டுப்பாட்டினால் ஏறக்குறைய முழுவதும் அரங்கத்துக்குள்ளேயே எடுக்க வேண்டியிருந்தது. ‘பதேர் பாஞ்சாலி’யில் நாணல் பூக்களுக்கு அப்பால் ஓடும் ரயிலைக் காட்டியவர், கோயில் தீர்த்தத்தில் நோய்க்கிருமி இருக்கிறது என்று சொல்லி ஊரின் பகையைத் தேடிக்கொள்ளும் மருத்துவரின் கதையை நான்கு சுவர்களுக்குள் வைத்துச் சொல்கிறார். எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பலவீனமான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் உடம்பு ஒத்துழைக்காத காலத்தில் ஒரு மனிதர் எதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைத்தார் என்பது அதில்தான் இருக்கிறது. ‘சாருலதா’வில் இல்லை.

கட்டக் எட்டே படங்கள் எடுத்தார் என்று அலுத்துக்கொள்கிறீர்கள். முதல் படமான ‘நாகரிக்’கை 1952இல் எடுத்து முடித்தார். அது திரைக்கு வந்தது 1977இல். அவர் இறந்தது 1976இல். தன் முதல் படம் வெளிவந்ததைப் பார்க்காமலே போன மனிதரிடம் எண்ணிக்கை போதவில்லை என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இனி மேசைமேல் இருக்கும் டிவிடி. ஓசு 1948இல் எடுத்த படம் அது. ஆங்கிலத்தில் ‘எ ஹென் இன் தி விண்ட்’ என்பார்கள். காற்றில் அகப்பட்ட கோழி. ஓசுவே அதைத் தோல்வி என்று சொல்லியிருக்கிறார். அவருடைய நண்பரும் திரைக்கதையாசிரியருமான கோகோ நோடாவுக்கும் அது பிடிக்கவில்லை. அதன்பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிய படம்தான் அடுத்த ஆண்டு வந்த ‘லேட் ஸ்ப்ரிங்’. உங்கள் அட்டவணையில் அது கட்டாயம் இருக்கும்.

இந்தத் தோல்விக்கு முன்னால் ஓசு எங்கே இருந்தார் என்று தெரியுமா? இங்கே. 1943இல் ஜப்பானிய ராணுவம் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றி, நேதாஜியின் ‘டெல்லிக்குச் செல்வோம்’ முழக்கத்தை ஒட்டி ஒரு பிரசாரப் படம் எடுப்பதுதான் வேலை. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று நேதாஜி ஆசாத் ஹிந்த் என்ற சுதந்திர இந்திய அரசை அறிவித்தது கேத்தே கட்டடத்தில். ஓசு படத்தை முடிக்கவே இல்லை. கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார், ‘சிட்டிசன் கேன்’ உட்பட. போர் முடிந்ததும் எடுத்திருந்த சுருள்களை எரித்துவிட்டார். பிறகு முகாமில் அடைக்கப்பட்டு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தார். ஊர் திரும்பும் முதல் கப்பலில் குலுக்கலில் இடம் கிடைத்தும், திரும்பத் துடித்துக்கொண்டிருந்த இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார். 1946 பிப்ரவரியில்தான் ஊர் போய்ச் சேர்ந்தார். அவர் இருந்த முகாம் ஜூரோங்கில் இருந்தது, க. நீங்கள் அட்டவணை போட்ட அதே ஜூரோங்.

அந்தச் சுருள்கள் எரியாமல் இருந்திருந்தால் நம் தாத்தாக்களின் முகங்கள் அவற்றில் இருந்திருக்கலாம். தோட்டத்திலிருந்து வந்து நேதாஜியின் படையில் துப்பாக்கி பிடித்த தமிழர்கள். உங்கள் அட்டவணையில் அந்தப் படத்துக்கு எந்தக் கட்டம்?

என் அப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையில் எடுபிடி. பாடாங்கில் கூட்டத்துக்குள் புகுந்து நேதாஜியைப் பார்த்ததைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதே மூச்சில் ஜப்பான்காரனையும் திட்டுவார். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். ஜப்பானியர்கள் அவரைச் சயாம் ரயில்பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பெரியம்மாவும் கைக்குழந்தையும் மட்டும். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். பெரியப்பா வந்தார். அதைப் பற்றி வீட்டில் யாரும் அதற்குமேல் பேசியதில்லை. ஜப்பான்காரன் காலம் என்ற சொல்லோடு பேச்சு நின்றுவிடும்.

இதனால் ஜப்பானியப் படம் என்றாலே அப்பா எழுந்து போய்விடுவார். எழுபத்தொன்பது வயதில், நடமாட்டம் குறைந்து தோ பாயோ வீட்டின் கூடத்திலேயே நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த காலத்தில்தான் கொஞ்சம் இளகினார். ‘லேட் ஸ்ப்ரிங்’ போட்டேன். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார். ‘டோக்கியோ ஸ்டோரி’ போட்டேன். ‘இந்தக் கிழவனும் கிழவியும் ஏன் வாயைத் திறந்து கேட்க மாட்டேன் என்கிறார்கள்?’ என்று எரிச்சல்பட்டார். உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் இரண்டு படங்கள். இரண்டும் அவரைத் தொடவில்லை.

ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர் கொடுத்த இந்த டிவிடியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்காகத்தான் போட்டேன். போருக்குப் போன கணவன் இன்னும் திரும்பவில்லை. மனைவி துணிமணிகளை விற்றுக் காலம் தள்ளுகிறாள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. மருத்துவமனைக்குக் கட்டப் பணம் இல்லை. ஒரே ஓர் இரவு தன்னை விற்கிறாள். பிறகு கணவன் வருகிறான். அவள் மறைக்கவில்லை, சொல்லிவிடுகிறாள். அவனால் தாங்க முடியவில்லை. ஆங்கில எழுத்துகளை நான் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். மாடிப்படிக் காட்சியில் மொழிபெயர்க்க அதிகம் இல்லை. அவன் தள்ளுகிறான், அவள் உச்சியிலிருந்து கீழ்வரை உருண்டு விழுகிறாள். அவன் மேலிருந்தே அடிபட்டதா என்று கேட்கிறான். இறங்கிப் போய்த் தூக்கவில்லை. அவளே எழுந்து, நொண்டிக்கொண்டே படியேறி அவனிடம் வருகிறாள்.

விமர்சகர்கள் இந்தக் காட்சியைத்தான் ஓசுவுக்குப் பொருந்தாத மிகை என்கிறார்கள். இருக்கலாம். அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். படம் முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்கைப் போட்ட பிறகு, ‘இதை எடுத்தவன் சண்டைக்குப் போனவனா?’ என்று கேட்டார். சீனாவில் இரண்டு ஆண்டு படைவீரராக இருந்ததையும், பிறகு இங்கே வந்ததையும், ஜூரோங் முகாமையும் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: ‘உன் பெரியம்மாவும் படியில் விழுந்ததாகத்தான் எல்லோரிடமும் சொன்னாள்.’

பெரியம்மா வலது காலைச் சாய்த்துத்தான் நடப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். சிறு வயதில் விழுந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டில் ஒருவரும் வாயைத் திறக்காத ஒன்றை, படைத்தவரே தோல்வி என்று ஒதுக்கிய படம் அப்பாவின் வாயிலிருந்து வரவழைத்தது. அதன்பின் அவர் பேசினார். சயாமிலிருந்து அண்ணன் எப்படித் திரும்பினார், லயத்தில் அந்த இரண்டு ஆண்டு பெரியம்மா எப்படிப் பிழைத்தார், ஊர் என்னவெல்லாம் பேசியது. எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன். பெரியம்மாவின் பிள்ளைகள் இதைப் படிப்பார்கள்.

ஓசுவின் கடைசிப் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா, 1962இல் வந்த ‘ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன்’? மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, மாடியில் அவளுடைய அறை வெறுமையாக இருக்கிறது. வெறும் மாடிப்படியை ஓசு காட்டுகிறார். அதில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆள் இல்லை. கோழிப் படத்தை நீக்கிவிட்டவருக்கு அது ஒரு மாடிப்படி, அவ்வளவுதான். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெண் உருண்டு விழுந்த படியைப் பார்த்தவனால் அங்கே அப்படிச் சாதாரணமாக உட்கார்ந்திருக்க முடியாது. என்னால் முடிவதில்லை. சத்தம் போட்டுச் சொன்னதை ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாமல் சொல்வதற்கு அந்த மனிதருக்கு அத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அவர் திரும்பத் திரும்ப எடுத்ததாக நீங்கள் சொல்லும் அந்த ஒரே கதைக்குள் இது எல்லாம் இருக்கிறது.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தயங்கினேன். இருந்தாலும் மாற்றவில்லை. அட்டவணை போடும் அளவுக்கு அக்கறை உள்ளவரிடம்தான் இப்படிப் பேச முடியும்.

கோழிப் படம் ஒன்றரை மணி நேரம்கூட வராது. இந்த வார விடுமுறையில் பாருங்கள், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களோடு பாருங்கள். பிறகு நீங்கள் நீக்கிய படங்களின் பெயர்களை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். மதிப்பெண் வேண்டாம்.

அன்புடன்.