புகைக்காலத்தில் பாய் வரை பைக் பயணம்: கேள்வி பதில்

வட தாய்லாந்தில் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை மலையெல்லாம் புகைதான். அந்த நேரத்தில் சியாங் மாயில் பைக் எடுத்து, பாய் என்ற மலை ஊரில் ஓர் இரவு தங்கிவிட்டு வரலாமா என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, மார்ச் இரண்டாம் வாரம் டிக்கெட் போட்டாச்சு. போகலாமா, வேண்டாமா?

பதில்: ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் வேண்டாம் தம்பி. கர்ப்பிணியையோ குழந்தையையோ பின்னால் உட்கார வைத்துப் போவதும் வேண்டாம். தெற்கே கடற்கரைப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அன்றைய பி.எம். 2.5, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகளின் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு நாள் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்லாந்து அரசு வைத்திருக்கும் வரம்பு 37.5. மார்ச்சில் சியாங் மாயில் 100ஐத் தாண்டும் நாட்கள் சாதாரணமாக வரும். 150க்கு மேல் போனால் நான் வண்டியைத் தொடுவதில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: செயலியில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் ஏ.க்யூ.ஐ. என்ற காற்றுத் தரக் குறியீடு, அதற்குக் கீழே சிறிதாக இருப்பதுதான் மைக்ரோகிராம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஐக்யூஏர், ஏர்4தாய் என்ற இரண்டு செயலிகளையுமே பாருங்கள்.

கேள்வி: பகலில் வெயில் கொளுத்துகிறது. இரவிலேயே ஓட்டிப் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன?

பதில்: இதைத்தான் செய்யவே கூடாது. இரவில் தரையோடு ஒட்டிய காற்று குளிர்ந்துவிடும், மேலே சூடான காற்று நிற்கும், அதனால் சட்டிக்கு மூடி போட்ட மாதிரி பள்ளத்தாக்குக்குள்ளேயே புகை அடைந்து கிடக்கும். பொழுது விடிந்தும் அது உடனே கலையாது, காலை எட்டு, ஒன்பது மணிக்குத்தான் பல நாட்களில் உச்சம். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் மூடி திறக்கும், பிற்பகலில் ஓரளவு குறையும். அதனால் பத்தரை, பதினொன்றுக்குக் கிளம்புங்கள். சியாங் மாயிலிருந்து 107ஆம் எண் சாலையில் வடக்கே போய், மே மலாய் சந்தைப் பக்கம் இடதுபுறம் 1095இல் திரும்பினால் நேராக பாய்தான். மொத்தம் சுமார் 130 கி.மீ., 762 வளைவுகள் என்று சட்டையிலேயே அச்சடித்து விற்கிறார்கள். நிதானமாக ஓட்டினால் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு அதே சாலையில் ஹெட்லைட் வெளிச்சம் புகையில் பட்டு நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும், அடி வெந்த மரம் எப்போது சாலையில் விழும் என்றும் தெரியாது.

கேள்வி: ஹெல்மெட் கண்ணாடியை மூடிக்கொண்டால் போதாதா? துணி மாஸ்க் இருக்கிறது.

பதில்: இரண்டும் போதாது. துணி மாஸ்க் இந்த நுண்துகளைப் பெரிதாகத் தடுக்காது. என்95தான் வேண்டும், அதிலும் காதில் மாட்டுவதைவிடத் தலையைச் சுற்றிப் பட்டை போடும் வகை நன்றாகப் பொருந்தும். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண் எரிந்துவிடும். ஹெல்மெட் கண்ணாடி கறுப்பாக இல்லாமல் தெளிவாக இருக்கட்டும். சாம்பலை ஈரத்துணியால் துடையுங்கள், உலர்ந்த துணி கீறல் போடும்.

கேள்வி: ஸ்கூட்டர் தாங்குமா?

பதில்: ஒருவர் என்றால் 125 சிசி போதும். இருவர் என்றால் 150க்கு மேல். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வராதீர்கள், சூடேறினால் பிடிக்காது.

கேள்வி: நம் ஊர் லைசென்ஸ் செல்லுமா?

பதில்: ஆர்.டி.ஓ. தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், அதில் இருசக்கர வாகனத்துக்கான முத்திரை இருக்க வேண்டும். போலீஸ் அபராதத்தை விடுங்கள், அது இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு பணம் தராது. வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை அடகு வைக்காமல் ரொக்க முன்பணம் கொடுங்கள். அங்கும் இடதுபக்கப் போக்குவரத்துதான்.

கேள்வி: சாலையோரம் தீ எரிந்தால் கடந்து போய்விடலாமா?

பதில்: இலைச்சருகு மட்டும் தணிவாக எரிகிறது, மறுபக்கம் தெளிவாகத் தெரிகிறது, உள்ளூர் வண்டிகளும் போகின்றன என்றால் போகலாம். மறுபக்கம் தெரியவில்லையென்றால் வந்த வழியே திரும்புங்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காய்ந்த புல்லில் பரவிய தீ சூழ்ந்தது நமக்குத் தெரியும். நின்று படம் எடுக்காதீர்கள். ஆம்புலன்ஸ் 1669, சுற்றுலாப் போலீஸ் 1155.

கேள்வி: மலைவாசிகள் ஏன் இப்படிக் கொளுத்துகிறார்கள்? யாரும் கேட்க மாட்டார்களா?

பதில்: இந்தக் கேள்வி என்னை வருத்துகிறது. கால்நடைத் தீவனத்துக்காகப் பயிராகும் மக்காச்சோளத்தின் தட்டை எரிகிறது, சமவெளியில் நெல் தாள் எரிகிறது, காளானுக்காகவும் வேட்டைக்காகவும் காட்டில் தீ வைப்பவர்கள் இருக்கிறார்கள், மியான்மரின் ஷான் மாநிலத்திலிருந்தும் லாவோஸிலிருந்தும் காற்றோடு புகை வருகிறது. இத்தனையும் சேர்ந்ததை கரென், லிசு என்ற மலைவாழ் இனங்களின் ஊர்க்காரர்கள் தலையில் கட்டுவது அநியாயம். அதே ஊர்க்காரர்கள்தான் சருகைக் கூட்டித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள், இரவெல்லாம் மலையில் நின்று தீயை அணைக்கிறார்கள், அதில் உயிரை விட்டவர்களும் உண்டு. டீக்கடையில் நிறுத்தினால் அவர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள். முன்னால் எந்தப் பக்கம் எரிகிறது என்பது எந்தச் செயலியையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: பாயில் மூங்கில் குடிசை அழகாக இருக்கிறதே, அதை எடுக்கலாமா?

பதில்: குளிர்காலத்தில் எடுங்கள். இப்போது வேண்டாம். பாயும் ஒரு பள்ளத்தாக்குதான், சுவரெல்லாம் இடுக்கு உள்ள குடிசையில் படுத்தால் இரவு முழுக்கப் புகையைத்தான் சுவாசிப்பீர்கள். ஜன்னல் இறுக மூடும் சுவர் வைத்த அறையாக, காற்றுச் சுத்திகரிப்பான் உண்டா என்று கேட்டு எடுங்கள். விடியலில் காட்சிமுனைக்கு ஓடாதீர்கள், வெள்ளையாகப் புகைதான் தெரியும். அந்த நேரத்தில் தூங்குங்கள். அப்புறம் சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்குக் கிளம்பினால் நாலு மணிக்குள் சியாங் மாய்.